‘மே ஐ கோ அவுட் மிஸ்’ மட்டும் எப்படி வருகிறது?

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இங்கிலீஷ் பற்றித்தான். 31 வருடம் அதையே சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் பத்திரிகை ஆசிரியரும் அவற்றை அப்படியே என் பக்கம் தள்ளிவிடுகிறார். இந்த இதழில் நான்கு.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 42 பிள்ளைகள். இங்கிலீஷ் தெரிந்தால்தான் நல்ல வேலை என்று வாரம் ஒருமுறையாவது சொல்கிறேன். மார்க் எடுத்தால் பேனா, சாக்லேட் என்று ஆசை காட்டியும் பார்த்துவிட்டேன். பாடப் புத்தகத்தில் வரிக்கு மேலே உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு ஒப்பிக்கிறார்களே தவிர, சொந்தமாக ஒரு வாக்கியம் வருவதில்லை. ஆர்வத்தை எப்படி உண்டாக்குவது?
– ஓர் ஆசிரியை, திண்டிவனம் அருகே

பதில்: டீச்சர், உங்கள் 42 பேருக்கும் ஒரு வாக்கியம் பிசிறில்லாமல் வருமே, கவனித்தீர்களா? ‘மே ஐ கோ அவுட் மிஸ்?’ அதற்கு யாரும் சாக்லேட் கொடுக்கவில்லை. அவசரம், சொன்னால் உடனே காரியம் நடக்கும், தப்பாகச் சொன்னாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். மூன்றும் சேர்ந்ததால் வந்துவிட்டது. நாம் நடத்தும் மற்ற வாக்கியங்களில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை கிடைக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் 13 வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் எட்டு, ஒன்பது வருடம் தள்ளி இருக்கிற விஷயம். இன்றைக்கு பி.டி. பீரியடை கணக்கு சார் பிடுங்கிக்கொள்வாரா மாட்டாரா என்பதுதான் அவன் கவலை.

பரிசு விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் நர்சரிப் பிள்ளைகளிடம் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைய ஏற்கெனவே ஆசைப்படும் பிள்ளைகளில் ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்து, சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரத்தில் பேனாவைத் தொடுவது குறைந்துவிட்டது. முன்னால் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு திடீரென்று கொடுத்த பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் சாக்லேட்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், எப்போதாவது சொல்லாமல் கொடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இதற்கு வெளிநாடு போக வேண்டாம், உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1979 முதல் 1984 வரை, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு என்பவர் பெங்களூரு, சென்னை, கடலூர் பள்ளிகள் சிலவற்றில் ஒரு முயற்சி செய்தார். இலக்கணப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகள் கையில் ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து யோசிக்கவைத்தார்கள். கவனம் முழுக்கக் கணக்கைத் தீர்ப்பதில் இருக்கும், மொழி அந்த வழியாகத் தானே உள்ளே போகும் என்பது அவர் கருத்து. எனக்குப் பிடித்தது என்னவென்றால், குழு குழுவாக உட்காரவைப்பது, சார்ட் ஒட்டுவது என்ற தடபுடல் எதுவும் கிடையாது. முதலில் மொத்த வகுப்போடும் ஆசிரியர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவார், அப்புறம் அதே மாதிரி இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். 42 பேரை வைத்துக்கொண்டு தாராளமாகச் செய்யலாம்.

நாளைக்கே போர்டில் இரண்டு வரி எழுதுங்கள். ஒரு ரயில் 6.15க்குக் கிளம்பி 8.05க்குக் கடலூர் போகிறது. இன்னொன்று அதே ஊரிலிருந்து 7.00 மணிக்குக் கிளம்பி 8.30க்குப் போகிறது. எது வேகமாகப் போகிற ரயில், எட்டே காலுக்கு அங்கே இருக்க வேண்டிய அத்தை எதில் ஏற வேண்டும், இரண்டாவது ரயில் அரை மணி நேரம் தாமதமானால் எப்போது போய்ச் சேரும் என்று கேள்வியை நீங்கள் இங்கிலீஷில் கேளுங்கள். ‘செகண்ட் மிஸ், செகண்ட்’ என்று ஒரு வார்த்தையில் கத்துவான். போதும். முழு வாக்கியமாகச் சொல் என்று அந்த இடத்தில் பிடித்து நிறுத்தினீர்களோ, போச்சு, ரயில் அவன் மண்டையை விட்டுப் போய்விடும். அவன் சொன்னதை நீங்களே முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். பாதி வகுப்பாவது பாதிக் கேள்விக்காவது சரியாகப் பதில் சொன்னால் அந்தக் கணக்கு சரியான அளவு என்று பிரபு ஒரு கணிப்பு வைத்திருந்தார். அதற்குக் கீழே போனால் கணக்கை மாற்றுங்கள், பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

வரிக்கு மேலே தமிழில் எழுதுவதையும் திட்டாதீர்கள். வாசிக்கத் தெரியவில்லை என்று அவர்கள் பென்சிலில் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் அது. டபிள்யூ, ஏ, டி, இ, ஆர் என்று ராகம் போட்டு ஒப்பிக்கிற பிள்ளைக்கு அதற்குள் ‘வாட்டர்’ எங்கே இருக்கிறது? எழுத்தின் பெயர் வேறு, ஓசை வேறு என்பதை மூன்றாம் வகுப்பில் விட்டதை எட்டாம் வகுப்பில்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. தினம் பத்து நிமிடம் ஓசைக்கு ஒதுக்குங்கள். வாசிக்க முடிகிறது என்று தெரிந்தாலே பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். ஆர்வம் முதலில் வந்து அப்புறம் படிப்பு வரும் என்று நாம் காத்திருக்கிறோம், நான் பார்த்தவரை கொஞ்சம் முடிந்த பிறகுதான் ஆர்வமே வருகிறது.

ஒரு பையன் ஞாபகம் வருகிறது. அப்பாவுக்கு பஞ்சர் கடை, இவன் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் நிரந்தர உறுப்பினர். ஒரு நாள் டயரில் என்னடா எழுதியிருக்கும் என்று கேட்டேன். ‘ட்யூப்லெஸ் சார்’ என்றான். அப்படியென்றால்? ‘ட்யூப் இருக்காது சார்.’ சரி, ‘ஹோம்லெஸ்’ என்றால்? கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான், ‘வீடு இல்லாதவனா சார்?’ அவ்வளவுதான், மறுநாள் ‘சீட்லெஸ்’ என்று திராட்சை வண்டியிலிருந்து ஒன்று, செல்போன் கடை போர்டிலிருந்து ‘வயர்லெஸ்’ என்று ஒன்று, வாரக் கடைசியில் நோட்டில் பதினோரு வார்த்தை. அடுத்த திங்கள்கிழமை எழுந்து நின்று, ‘சார், அப்ப காட் பிளெஸ் யூன்னா கடவுள் கிட்ட எது இல்லை?’ என்று கேட்டான். 31 வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் முதல் இடம்.

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, லாரித் தொழில். மாலை 7 முதல் 8 வரை வீட்டில் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டேன். இப்போது அந்த ஒரு மணி நேரம் அவள் வாயே திறப்பதில்லை.
– ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருந்த லாபத்தோடு சட்டத்தை வாபஸ் வாங்கிவிடுங்கள். அப்பாவிடம் மனசுவிட்டுப் பேசுகிற நேரத்தைப் பரீட்சையாக்கினால் பிள்ளை வேறென்ன செய்யும்?

உங்களுக்கு வராது என்பதைத்தான் நீங்கள் பயன்படுத்த வேண்டும். பேங்கிலிருந்தும் ஃபாஸ்டேக்கிலிருந்தும் உங்கள் போனுக்கு நாள் முழுக்க மெசேஜ் வருமே, அதை மகளிடம் கொடுத்து, ‘கண்ணு, எந்த டோல்ல எவ்வளவு புடிச்சிருக்கான், மீதி எவ்வளவு இருக்கு பாரு’ என்று கேளுங்கள். ‘டெபிட்டெட்’ எது, ‘கிரெடிட்டெட்’ எது என்று அவள் உங்களுக்குச் சொல்லித்தரட்டும். புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். நடிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை என்பது பெரிய வசதி. இரண்டு மாதம் போனால் லாரிக் கணக்கையே அவள் பார்க்க ஆரம்பித்துவிடுவாள், அதற்கும் தயாராக இருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம். இங்கிலீஷ் வகுப்பில் தமிழே பேசக்கூடாதா சார்?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: தாராளமாகப் பேசலாம். ‘அன்லெஸ்’ என்ற வார்த்தையை இங்கிலீஷிலேயே விளக்க கால் மணி நேரம் ஆகும். ‘வராவிட்டால்’ என்பதில் உள்ள ‘ஆவிட்டால்’ என்று சொன்னால் ஒரு நொடி. அபராதம் வாங்கி யாருக்கும் இங்கிலீஷ் வந்து நான் பார்த்ததில்லை, குசுகுசுவென்று பேசும் திறமைதான் வளர்கிறது.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எஞ்சினியரிங் சேர்ந்தேன். முதல் மாதமே வகுப்பில் நான் பேசியதற்குச் சிரித்தார்கள். இங்கிலீஷ் என்றாலே இப்போது வெறுப்பாக இருக்கிறது. புத்தகத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை.
– ஒரு மாணவர், கோவை

பதில்: தம்பி, 1980இல் நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், எங்கே படித்தாய் என்று கேட்ட விரிவுரையாளருக்கு ‘இஸ்கூல்’ என்று ஆரம்பித்துப் பதில் சொன்னேன். அவர் அந்த ஒரு வார்த்தையை என்னை மாதிரியே சொல்லிக் காட்டினார். வகுப்பே உருண்டது. அந்த வகுப்பில் அந்த வருடம் முழுக்க நான் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷ் இலக்கியம் படிக்க வந்தவன் நான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் ஒரு சொல் இரண்டு மெய்யெழுத்தில் சேர்ந்தாற்போல் தொடங்காது, நாக்கு முன்னால் ஒரு ‘இ’ போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் வெறுப்பும் மொழி மேல் என்று எனக்குத் தோன்றவில்லை, அந்தச் சிரிப்பின் மேல்தான்.

எனக்கு அது தெளிந்தது 83 ஜூனில், படிப்பு முடிந்து ஊரில் சும்மா இருந்தபோது. உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா 183 ரன்னில் சுருண்டு, அப்புறம் வெஸ்ட் இண்டீஸை 140க்கு முடித்ததைத் தமிழ்ப் பேப்பரில் மூன்று முறை படித்துவிட்டேன், ஆசை தீரவில்லை. நூலகத்துக்குப் போய் இங்கிலீஷ் பேப்பரை எடுத்தேன். மதன்லால் பந்தில் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்ததை கபில் பின்பக்கமாக ஓடிப் பிடித்த அந்தப் பத்தியில் தெரியாத வார்த்தை ஏழெட்டு இருந்தது, ஆனால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியுமே, ஒன்றுக்கும் டிக்‌ஷனரி தேவைப்படவில்லை. கல்லூரியில் மூன்று வருடம் வராத ருசி அன்றைக்கு வந்தது.

நீங்களும் தெரிந்த விஷயத்தில் தொடங்குங்கள். காலையில் தமிழில் படித்த செய்தியையே மாலையில் இங்கிலீஷில் படியுங்கள், ஒரு பத்தியை ரூமில் சத்தமாக வாசியுங்கள். வைவா (வாய்மொழித் தேர்வு) வருவதற்கு இரண்டு வாரம் முன்பாக, லேபில் செய்த சோதனை ஒவ்வொன்றையும் முதலில் தமிழில் ரூம்மேட்டிடம் சொல்லுங்கள், அப்புறம் அதையே சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில். சோதனையை நீங்கள்தானே செய்தீர்கள், சொல்ல விஷயம் இருக்கும். வகுப்பில் சிரித்தவர்களில் சில பேராவது, அடுத்து தன்னைக் கேட்டுவிடப் போகிறார்களே என்ற பயத்தில் சிரித்தவர்களாக இருப்பார்கள், அவர்களில் ஒருவனை ரூம்மேட்டோடு சேர்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. வைவா எப்படிப் போனது என்று எழுதுங்கள், தமிழிலேயே.