கண்ணாடிக்குக் கீழே தாழிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிள்ளைகளுடன் தாமிரபரணிக் கரையிலுள்ள பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர் சென்றிருந்தேன். தோண்டிய குழியின் மேல் கண்ணாடி பதித்து, இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். அதன் மேல் நின்று செல்ஃபி எடுத்தவர்களைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. நம் அழகன்குளத்தில் தோண்டியபோது எனக்கு இப்படித் தோன்றியதில்லை. வாரிசு இல்லாத இடுகாடு என்றால் யார் வேண்டுமானாலும் தோண்டலாமா?

– ஒரு வாசகர், தேவிபட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

அழகன்குளம் உங்களை உறுத்தாததற்குக் காரணம் உண்டு. அது வைகை முகத்துவாரத்தில் மக்கள் புழங்கிய துறைமுக ஊர். அங்கே கிடைத்த ரோமானியக் காசுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் எவரோ தவறவிட்டவை அல்லது உடைந்ததென்று வீசியவை. தாழிக்குள் இருப்பதோ, திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாமல், இறந்தவருக்கென்று உறவினர் வைத்தது. ஆகவே இடுகாட்டைத் தோண்டுகிறவருக்குப் பொறுப்பு கூடுதல்.

அதற்காகத் தோண்டவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆய்வாளர் தொடாத மேடுகளை மண் அள்ளுகிறவர்கள் விட்டுவைப்பதில்லை. ஆனால் ஒரு தாழியை ஒருமுறைதான் திறக்க முடியும். எது எந்த நிலையில் கிடந்தது என்று எழுதி வெளியிடாவிட்டால் அது கலைப்பு மட்டுமே. 1876இல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய ஜெர்மானியர் ஜாகோர், கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அது அந்தக் காலம் என்று விடலாம். 2004–05இல் நம்மவர்களே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்த அகழாய்வின் அறிக்கைக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததே, அந்தச் செல்ஃபிகளைவிட அதுதான் எனக்குப் பெரிய அவமரியாதையாகப் படுகிறது.

எலும்பு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஜாகோருக்குப் பின் ஆதிச்சநல்லூரில் தோண்டிய தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரே எடுத்த மண்டையோடுகளை அளந்து, அவை எந்த இனத்தவருடையவை என்று 1930இல் உடற்கூறியலாளர் சக்கர்மன் எழுதினார். அன்றிலிருந்து அந்த மனிதர்கள் நம்முடைய இன வாதங்களுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பல்லையும் எலும்பையும் ஆய்வகத்தில் வைத்து உணவையும் நோயையும் அறியட்டும். பார்வைக்கு வைக்க வார்ப்பு நகல் போதும். ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020இல் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. தாழியையும் இரும்பையும் மணிகளையும் தாராளமாகக் காட்டலாம்.

வாரிசு பற்றிக் கேட்டீர்கள். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம் செய்கிறவர்கள், தமக்கென்று யாருமில்லாமல் போனவர்களுக்கும் சேர்த்தே எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். (இந்த ஒரு விஷயத்தில் நம் புரோகிதர்கள் தொல்லியல் துறைக்கு முன்னால் போகிறார்கள்.) கண்ணாடியை எடுக்க வேண்டியதில்லை, மேலே நடக்க விடாமல் ஓரமாக நடைபாதை அமைத்து, திறக்காமல் விட்ட பகுதி எது, ஏன் விட்டோம் என்று ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.