நெருக்கடி நேரத்தில் விவாதத்துக்கு வராத வேட்பாளரை மக்கள் தண்டிப்பார்களா?

நாடே பொருளாதார நெருக்கடியில் தத்தளிக்கும்போது தொலைக்காட்சி விவாதத்துக்கு டிமிக்கி கொடுக்கும் வேட்பாளருக்கு மக்கள் பாடம் புகட்டுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலும் இல்லை.

அர்ஜென்டினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 மே 14 அதிபர் தேர்தல். அந்த மே மாதத்தில் மட்டும் விலைவாசி சுமார் 78 சதவீதம் ஏறியது. சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு ஓடாவிட்டால் பணத்துக்கு மதிப்பில்லை. எதிர்க்கட்சியான பெரோனியக் கட்சியின் கார்லோஸ் மெனெம்தான் முன்னிலையில் இருந்தார். பெர்னார்தோ நியூஸ்டாட் நடத்திய டிவி நிகழ்ச்சியில் ஆளுங்கட்சி வேட்பாளர் எடுவார்தோ ஆஞ்செலோஸுடன் அவர் விவாதிப்பதாக ஏற்பாடு. மெனெம் வரவில்லை. காலி நாற்காலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆஞ்செலோஸ் பேசினார். ஜெயித்தது மெனெம், ஏறக்குறைய 10 புள்ளி வித்தியாசத்தில்.

மக்கள் ஏமாளிகள் என்று இதற்குப் பொருள் இல்லை. விலைவாசிக்குப் பதில் சொல்ல வேண்டியவராக அவர்கள் பார்த்தது வராதவரை அல்ல, வந்து உட்கார்ந்திருந்த ஆளுங்கட்சிக்காரரை. அவர் என்ன பேசினாலும், 'இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?' என்ற கேள்விதான் எழும். முன்னிலையில் இருக்கும் எதிர்க்கட்சிக்காரருக்கு வாயைத் திறக்காமல் இருப்பதே லாபம்.

நஷ்டம் வேறு இடத்தில். சம்பளத்தை ஒரேயடியாக உயர்த்துவேன் என்று சொல்லித்தான் மெனெம் ஓட்டுக் கேட்டார். பதவிக்கு வந்ததும் பொருளாதார அமைச்சர் பொறுப்பை புங்கே இ போர்ன் என்ற பெருநிறுவனத்தின் நிர்வாகி ஒருவரிடம் கொடுத்தார். தொலைபேசித் துறையும் விமான நிறுவனமும் தனியார் கைக்குப் போயின. 'சம்பள உயர்வுக்குப் பணம் எங்கிருந்து வரும்?' என்று நேருக்கு நேர் மடக்கியிருக்க வேண்டிய இடம் அந்த விவாதம். அதைத்தான் அவர் தவிர்த்தார்.

2015-இல் அதே நாட்டில் அதிபர் வேட்பாளராக நின்ற டேனியல் சியோலியும் முதல் சுற்றுக்கு முந்தைய விவாதத்துக்கு வரவில்லை. அவர் ஆளுங்கட்சி. அந்தச் சுற்றில் முதலிடம் பிடித்தவர் அவர்தான்! இரண்டாம் சுற்றுக்கு முன் விவாதத்துக்கு வந்தார், தோற்றார். (விவாதத்தால்தான் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன்.)

2016-இல் அங்கே அதிபர் வேட்பாளர் விவாதத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டார்கள். வராதவருக்கு அபராதம் இல்லை, சிறை இல்லை. அவருக்கு அரசு ஒதுக்கும் டிவி, வானொலி விளம்பர நேரம் பறிபோய் மற்ற வேட்பாளர்களுக்குப் போய்விடும். மேடையில் அவர் இடம் காலியாகவே இருக்கும். அந்த நாட்டில் கட்சிகள் காசு கொடுத்து டிவியில் விளம்பர நேரம் வாங்க முடியாது என்பதால் இந்த அடி நன்றாகவே வலிக்கும். வாக்காளரின் கோபத்தை நம்பாமல் வேட்பாளரின் லாப நஷ்டக் கணக்கிலேயே கை வைத்த இந்த வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

விவாதம் முடிவை மாற்றிவிடும் என்ற நம்பிக்கையில் இதைச் சொல்லவில்லை. 2023-இல் ஆண்டுப் பணவீக்கம் 140 சதவீதத்தைத் தொட்டபோது, பொருளாதார அமைச்சராகவே இருந்த செர்ஜியோ மாஸா விவாத மேடையில் எதிர்க்கட்சி வேட்பாளர் ஹாவியர் மிலேயைத் திணறடித்தார் என்றுதான் பலரும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து சுமார் 11 புள்ளி வித்தியாசத்தில் மிலே ஜெயித்தார். ஆனால் மானியங்களை வெட்டப்போகிறீர்களா, நாட்டுப் பணத்துக்குப் பதில் டாலரைக் கொண்டுவரப்போகிறீர்களா என்று மாஸா கேட்டதும், மிலே நெளிந்ததும் பதிவில் இருக்கின்றன. மெனெம் விஷயத்தில் அப்படி ஒரு பதிவே இல்லை.