மட்டனுக்குப் பதில் மீல்மேக்கரா, காளானா?

கேள்வி: கணவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று மட்டனை நிறுத்திவிட்டோம். மீல்மேக்கர் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. காளானில் 3 கிராம்தானாம். காளான் வாங்குவதே வீணா? இரண்டும் வேண்டாம், புரத மாவு டப்பா வாங்குங்கள் என்கிறார் உடற்பயிற்சிக் கூடத்துக்காரர்.

பதில்: பாக்கெட்டில் இருப்பது பொய்யில்லை. ஆனால் அந்த 52 கிராம், காய்ந்த உருண்டைக்கான கணக்கு. அதை யாரும் அப்படியே கடித்துத் தின்பதில்லை. வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் எடை இரண்டரை, மூன்று மடங்காகிவிடும். அப்போது 100 கிராமில் 17 முதல் 20 கிராம் புரதம், ஏறக்குறைய மட்டன் அளவு. சமைத்த எடைக்கு எவ்வளவு என்று பெரிய எழுத்தில் போடச் சொல்ல இந்த நாட்டில் ஆளில்லை. உறையின் முன்பக்கத்தில் எளிய தர அடையாளம் இட 2022இல் வரைவு விதி வந்தது. ஆலோசனை, கருத்துக்கேட்பு என்று இழுத்தடிக்கிறார்கள். குடும்பத் தலைவிகள் கால்குலேட்டரோடு மளிகைக்குப் போக வேண்டுமா?

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 200 கிராம் பாக்கெட்டை வாணலியில் போட்டால் நீர் விட்டுச் சுருங்கி ஒரு கையளவுதான் மிஞ்சும். அதில் புரதம் ஆறேழு கிராம். 30 கிராம் காய்ந்த மீல்மேக்கரில் 15 கிராம் கிடைத்துவிடும். புரதத்துக்கு மீல்மேக்கர்தான், சந்தேகமே வேண்டாம். காளானைக் காயாக நினைத்துச் சாப்பிடுங்கள்: கலோரி மிகக் குறைவு, பொட்டாசியமும் சில பி வைட்டமின்களும் உண்டு. வீணே இல்லை. மட்டனில் இருக்கும் பி12 மட்டும் இரண்டிலும் கிடைக்காது. அதற்குப் பாலும் தயிரும் வேண்டும்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. பருப்பு, தயிர், சுண்டல், ஒரு கைப்பிடி மீல்மேக்கர் இருந்தாலே அதை எட்டிவிடலாம். ஆயிரக்கணக்கில் விலை சொல்லி டப்பாவை நீட்டுபவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: நீங்கள் ஊட்டச்சத்துப் படிப்பு படித்தவரா? இதை விற்றால் உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு? இரண்டாவது கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். படிப்பே இல்லாமல் ஆலோசகர் பலகை மாட்டுகிறவர்களைத் தட்டிக் கேட்க யாரும் இல்லாததுதான் எனக்கு ஆத்திரம்.

மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுக்கும் மீல்மேக்கரும் வேண்டாம். 14 இலக்க உணவு உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் உள்ள பாக்கெட்டாக வாங்குங்கள். பிரித்ததும் சிக்கு வாடை அடித்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்களா? மீல்மேக்கர் சோயாவில் செய்வது. சோயா அந்த மாத்திரையைக் குடல் உறிஞ்சும் அளவைக் குறைத்துவிடலாம். மீல்மேக்கரை விட வேண்டியதில்லை, இடைவெளிதான் முக்கியம். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குறைந்தது நான்கு மணி நேரம் சோயா கூடாது. மதியக் குழம்பில் சேர்க்கலாம், காலை உப்புமாவில் கூடாது. ஒரு வாரம் நிறைய, மறுவாரம் சுத்தமாக இல்லை என்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை அளவைச் சரிசெய்வது மருத்துவருக்குச் சிரமமாகிவிடும். அடுத்த முறை டிஎஸ்எச் என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, சோயா சேர்க்க ஆரம்பித்திருப்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.