வேலையில்லாதபோது வாடகைக்கு அரசு உதவி

வேலையில்லாதபோது வாடகைக்கு அரசு உதவி கிடைக்குமா, போட்ட மனு ஏன் திரும்பியது என்று கேட்டிருந்தீர்கள். வாடகைக்கென்று தனியாகப் பணம் வராது. நீங்கள் மனுப் போட்டது தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, அதிகபட்சம் 3 வருடம். தக்கலையில் ஓர் அறை வாடகைக்கே அது காணாது, சரி, வருகிறதை விட வேண்டாமே.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஆறு வருடமாகியும் மனு திரும்பியது ஏன் என்கிறீர்கள். புதுப்பித்தலில் இடைவெளி விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் பழைய பதிவு போய்விடும், உதவித்தொகைக்குப் பதிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற கணக்கும் அதோடு போகும். பதிவு அட்டையில் பதிந்த தேதியையும் புதுப்பித்த தேதியையும் ஒத்துப் பாருங்கள். இடைவெளி இல்லை என்றால் அட்டையோடு நாகர்கோவில் கோணத்தில் உள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கே போய்க் காரணத்தைக் கேளுங்கள்.

அப்புறம் வருமானச் சான்று. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார் என்றீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டினால் கிடைக்காது. மாதக் கணக்கில் 6,000தான் அது, ஆகவே சான்றில் என்ன தொகை போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒன்று, படித்தது பொறியியல் போன்ற தொழிற்படிப்பு என்றால் இந்தத் திட்டத்தில் இடமில்லை.