பழைய நாய்கள் நிக்கிற வளவுக்குப் புதுக்குட்டி: கேள்வியும் பதிலும்

போன கிழமை எங்கட வீட்டுக்கு ஒரு குட்டி வந்த படத்தைப் போட்டதில இருந்து கேள்விகள் வந்தபடி இருக்கு. எல்லாருக்கும் சேர்த்து இதிலயே எழுதுறன். நான் மிருக வைத்தியர் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு மிருக வைத்தியருக்கு 11 வருசம் உதவியாளரா நிண்டனான். வட்டக்கச்சியில எங்கட வளவில எப்பவும் நாலஞ்சு நாய் நிக்கும். அந்தப் பழக்கத்தில சொல்லுறன். வருத்தத்துக்கு மருந்துப் பேர் கேட்டவை தயவுசெய்து குட்டியைத் தூக்கிக்கொண்டு டொக்டரிட்டப் போங்கோ.

அக்கா, எங்களிட்ட 6 வயசிலயும் 4 வயசிலயும் ரெண்டு கடுவன் நிக்குது. சனிக்கிழமை 8 கிழமைக் குட்டி ஒண்டு வருது. எப்பிடி முகம் காட்டுறது? (மல்லாவி)

சனிக்கிழமை வரைக்கும் பொறுக்காதேங்கோ தம்பி, இண்டைக்கே தொடங்குங்கோ. குட்டி இப்ப படுக்கிற சாக்கையோ பழந்துணியையோ வாங்கிவந்து உங்கட நாய்கள் படுக்கிற இடத்துக்குக் கிட்டப் போடுங்கோ. உங்கட நாயின்ர சாக்கு ஒண்டைக் குட்டிக்கு அனுப்புங்கோ. நாய்க்கு மூக்குத்தான் முதல் அறிமுகம்.

குட்டி வந்து இறங்கிற நேரம் கடுவன்கள் படலையில நிக்கக்கூடாது. படலை அவையின்ர காவல் எல்லை. அதுக்குள்ளால புதுசா எது வந்தாலும் மறிக்கிறதுதான் அவைக்கு நாங்களே பழக்கின வேலை. ரெண்டையும் பின்வளவில கட்டிப்போட்டு, குட்டியை உள்ள கொண்டுபோய் கோழிக்கு அடிக்கிற கம்பி வலையால ஒரு மூலையை மறிச்சு அதுக்குள்ள விடுங்கோ. ரெண்டு மூண்டு நாள் வலைக்கு அங்கால இருந்தே மணக்கட்டும், பாக்கட்டும்.

பிறகு வலை இல்லாமல் விடேக்க ஒவ்வொண்டா விடுங்கோ. வயசைப் பாக்காமல், ரெண்டில எது அமைதியான ஆளோ அது முதல். கழுத்தில கயிறு இருக்கட்டும், ஆனா தொய்வாப் பிடியுங்கோ. நீங்கள் கயிறை இறுக்கினால் ஏதோ ஆபத்து எண்டுதான் நாய்க்கு விளங்கும். குட்டியைக் கையில தூக்கி வைச்சுக்கொண்டு "பார், பார்" எண்டு நீட்டாதேங்கோ. நிலத்தில விட்டால்தான் அதுக்கு ஓட, ஒளிக்க, பிரண்டு படுக்க வழி இருக்கும். பெரிசு உடம்பை விறைச்சு, வாலை நட்டு வைச்ச மாதிரி நிமித்தி, கண் வெட்டாமல் பாத்தால் பேர் சொல்லிக் கூப்பிட்டு வளைச்சுக் கொண்டுபோங்கோ. உடம்பு நெளிஞ்சு, வால் அகலமா ஆடினால் விடுங்கோ. முதல் நாள் அஞ்சு நிமிசம் காணும். ரெண்டு கடுவனையும் சேர்த்து விடுறது ஒரு கிழமைக்குப் பிறகு. நீங்கள் வீட்டில இல்லாத நேரம் தனிய விடுறது இன்னும் கனநாளுக்குப் பிறகு.

அம்மம்மா 30 நாள் குட்டியைக் கொண்டுவந்திட்டா. சின்னனில எடுத்தால்தான் ஒட்டும் எண்டு சொல்லுறா. (புதுக்குடியிருப்பு)

ஊரில எல்லாரும் சொல்லுறது அது. ஆனா கடியின்ர அளவைக் குட்டி படிக்கிறது தாயிட்டயும் கூடப் பிறந்ததுகளிட்டயும்தான். கூடக் கடிச்சால் மற்றது கத்தும், விளையாட்டு நிண்டிடும். அந்தப் பாடம் 8 கிழமை வரைக்கும் நடக்கும். திருப்பிக் குடுக்க ஏலும் எண்டால் இன்னும் ஒரு மாதம் தாயோட விடுங்கோ. ஏலாட்டி, குழைச்ச சோறும் முள்ளு எடுத்த மீனும் கொஞ்சம் கொஞ்சமா நாளைக்கு நாலு தரம் குடுங்கோ. மாட்டுப்பால் கன குட்டிகளுக்கு வயித்தால போக வைக்கும். பூச்சி மருந்து முக்கியம். வட்டப்புழு தாயின்ர வயித்திலயே, பாலிலயே குட்டிக்கு வந்திடும், அதால 3 மாதம் மட்டும் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, நிறை பாத்துக் குடுக்கவேணும். உங்களிட்ட பொறுமையான பெட்டை ஒண்டு நிண்டால் அது மிச்சப் பாடத்தைச் சொல்லிக் குடுக்கும்.

எங்கட பெரிசு குட்டியைப் பாத்து உறுமுது. அப்பா ஒவ்வொரு முறையும் தடியால அடிக்கிறார். (ஒட்டுசுட்டான்)

அப்பாட்ட இதை வாசிச்சுக் காட்டுங்கோ பிள்ளை. அந்தத் தடியை இண்டையோட வைக்கச் சொல்லுங்கோ.

குரைக்கிற நாய் கடியாது எண்டு சொல்லுவினம். உறுமுற நாய், கடிக்காமல் விடுறதுக்காகத்தான் உறுமுது. அது அதின்ர பேச்சு. போன செவ்வாய்க்கிழமை எங்கட கறுப்பி கிணத்தடியில படுத்திருந்தவள். குட்டி வந்து காதைப் பிடிச்சு இழுத்தான். கறுப்பி முகத்தை அங்கால திருப்பினாள். அவன் விடேல்லை. உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள். அதுக்கும் விடேல்லை. பிறகுதான் உறுமினாள், தொண்டைக்குள்ளால, கிணத்து உருளை சுத்திற மாதிரி ஒரு சத்தம். அவன் இன்னும் தொங்கினான். அப்ப வாயை அவன்ர கழுத்துக்கு மேல வைச்சு ஒரு கணம் நிலத்தில அழுத்தினாள். கத்திக்கொண்டு மல்லாக்கப் பிரண்டான். உடன விட்டிட்டாள். ஓடிப்போய்த் தடவிப் பாத்தன், ஒரு பல்லுக்கீறல் இல்லை. கொஞ்ச நேரத்தில அவளுக்கு ரெண்டு அடி தள்ளிப் படுத்து நித்திரையாப் போனான். அதுக்குப் பிறகு அந்தக் காதை அவன் தொடேல்லை.

நான் இடையில புகுந்து கறுப்பிக்கு அடிச்சிருந்தால் என்ன நடந்திருக்கும்? குட்டி கிட்ட வந்தால் தனக்கு அடி விழும் எண்டு அவள் படிச்சிருப்பாள். உறுமினால் அடி எண்டால் உறுமிறதை விட்டிடுவாள். அடுத்த முறை சத்தமில்லாமல் நேரக் கடி. வைத்தியரோட நிண்ட காலத்தில கிழிபட்டு வந்த குட்டிகளில கனக்க இப்பிடி வந்ததுகள்தான்.

எப்ப விலக்க வேணும்? குட்டி விலகி ஓடியும் பெரிசு கலைச்சுக்கொண்டு போனால், பிடிச்சு உலுப்பினால், குட்டி நிப்பாட்டாமல் கத்தினால், ரத்தம் கண்டால். அப்ப கையை இடையில விடாதேங்கோ. ஒரு வாளித் தண்ணி, இல்லாட்டி இடையில ஒரு பலகை.

இன்னொண்டு: நாலு மாதம் மட்டும் குட்டியின்ர குறும்பைப் பெரிசுகள் பொதுவாப் பொறுக்கும், அதுக்குப் பிறகு கண்டிப்பு கூடும். அதைப் பாத்து "திடீரெண்டு மாறிட்டுது" எண்டு பயப்பிடவேண்டாம். குட்டி ஏற ஏலாத இடம் ஒண்டு, ஒரு பழைய வாங்கு, ஒரு திண்ணை, பெரிசுக்கு எண்டு இருக்கட்டும். அங்க போய் அதைக் கரைச்சல் படுத்த விடாதேங்கோ.

ஒரே தட்டில வைக்கலாமா? (வவுனியா)

வேண்டாம். தனித்தனிச் சட்டி, ஆளுக்கு ஆள் முகம் தெரியாத தூரத்தில. எங்கட வீட்டில ஒண்டு விறாந்தையில, ஒண்டு மாமரத்தடியில, குட்டிக்குக் குசினி வாசலுக்குள்ள. பெரிசுகளுக்கு முதல் வைச்சிட்டுத்தான் குட்டிக்கு வைப்பன். பதினைஞ்சு நிமிசத்தில மிச்சச் சட்டியை எடுத்திடுங்கோ, கன சண்டை வெறுஞ்சட்டிக்குத்தான். எலும்பு குடுக்கிற நாளில எல்லாரையும் பிரிச்சுக் கட்டுங்கோ. அவிச்ச கோழி எலும்பு சிராயாப் பிளந்து குடலைக் குத்தும், யாருக்கும் குடாதேங்கோ. வெங்காயம் போட்ட கறி, முந்திரிகைப் பழம் (திராட்சை), சொக்கிளேற் எல்லாம் நாய்க்கு நஞ்சு. காய்ச்சல் எண்டு பனடோல் குடுக்கிறவையும் இருக்கினம், அதையும் விடுங்கோ.

ரெண்டு மாதத்துக்கு முதல் எங்கட குட்டி ரத்தமா வயித்தால போய்ச் செத்தது. பார்வோ எண்டு டொக்டர் சொன்னவர். இப்ப இன்னொரு குட்டி எடுக்கலாமா? (தருமபுரம்)

இப்ப வேண்டாம் தங்கச்சி. உங்கட மனசு விளங்குது. 2017இல எங்கட வளவில ஆறு நாளில மூண்டு குட்டியைத் தாட்டனான். மூண்டாவதைத் தாட்ட இடத்தில வாழை ஒண்டு வைச்சிருக்கு, இண்டைக்கும் அந்தப் பக்கம் போகேக்க நிண்டிட்டுத்தான் போவன்.

அந்தக் கிருமி மலத்தோட மண்ணில விழுந்தால் மாதக்கணக்கா, நிழலான ஈரமான இடத்தில ஒரு வருசம் வரைக்கும்கூட உயிரோட கிடக்கும். பெரிய நாய்களின்ர காலிலயும் எங்கட செருப்பிலயும் ஒட்டிக்கொண்டு வரும். செத்த குட்டியின்ர சாக்கு, சட்டி எல்லாத்தையும் எரியுங்கோ. சீமெந்து நிலத்தை முதல் சவர்க்காரம் போட்டு ஊத்தையில்லாமல் உரஞ்சிக் கழுவுங்கோ. பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணி கலந்து ஊத்திப் பத்து நிமிசம் விடுங்கோ. ஊத்தைக்கு மேல பிளீச் ஊத்தினால் வேலை செய்யாது. டெற்றோல் மணந்தால் கிருமி செத்திட்டுது எண்டு நம்பாதேங்கோ, இந்தக் கிருமிக்கு அது காணாது. மண் முற்றத்தை எதாலயும் கழுவ ஏலாது. அதால ஒரு வருசம் விடுங்கோ. ஏலாட்டி, வேற வீட்டில வைச்சு ஊசி முழுக்கப் போட்டு முடிஞ்ச நாயாக் கொண்டுவாங்கோ.

ஊசி எண்டால் எது எண்டதை இதில தெளிவா எழுதவேணும். ஊருக்கு வந்து அரசாங்கம் இலவசமாப் போடுறது விசர்நாய் நோய்க்கான ஊசி. அது பார்வோவைத் தடுக்காது. "ஊசி போட்டாச்சு" எண்டு நம்பியிருந்து குட்டியைப் பறிகுடுத்த ஆக்கள் கனபேர். பார்வோ ஊசி வேற, காசு குடுத்துப் போடவேணும். 6 தொடக்கம் 8 கிழமையில முதல் ஊசி, பிறகு 3, 4 கிழமைக்கு ஒருக்கா, 16 கிழமை மட்டும். தாய்ப்பாலால வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை மறிச்சுப்போடும், அதால ஒண்டோட விடக்கூடாது. இந்த ஊசிகள் முடியும் மட்டும் குட்டியை றோட்டிலயோ சந்தைப் பக்கமோ இறக்காதேங்கோ. தூக்கிக்கொண்டு போய் மோட்டச்சைக்கிள், ரைக்ரர், ஆடு மாடு, சின்னப்பிள்ளையள் எல்லாத்தையும் காட்டுங்கோ. 3 தொடக்கம் 14 கிழமைக்குள்ள பாத்துப் பழகின எதுக்கும் பெரிசான பிறகு அவ்வளவாப் பயப்பிடாது.

செத்த நாயின்ர பேரைக் குட்டிக்கு வைக்கலாமா? (விசுவமடு)

நாய்க்கு ஒண்டுமில்லை. நிக்கிற நாய்களின்ர பேரோட சத்தம் ஒத்துப்போகாமல் இருந்தால் காணும். ஜிம்மியும் ரொமியும் எண்டால் ரெண்டும் ஓடிவரும்.

எனக்கு மனம் வரேல்லை. 2009 தையில நாங்கள் வெளிக்கிடேக்க எங்கட ரைகர் ரைக்ரருக்குப் பின்னால உங்கட விசுவமடு மட்டும் ஓடி வந்தவன். அங்கால சனத்துக்குள்ள காணேல்லை. திரும்பி வந்து எத்தினையோ குட்டி வளத்திட்டன், ரைகர் எண்டு ஒண்டையும் கூப்பிடேல்லை.

மாட்டு உண்ணி மருந்து வீட்டில கிடக்கு. குட்டிக்கும் பூசலாமா? (முழங்காவில்)

பூசாதேங்கோ. மாட்டின்ர அளவில கலந்தது குட்டியைக் கொல்லும், நக்கியும் போடும். மண்ணெண்ணெய், கழிவு ஒயில் ரெண்டும் தோலை எரிச்சு உள்ளயும் போகும். குட்டியின்ர நிறைக்கு ஏற்ற மருந்தை டொக்டரிட்ட வாங்குங்கோ. அதுவரைக்கும் காதுக்குள்ள, விரல் இடுக்கில, கழுத்துக்குக் கீழ பாத்து, சாவணத்தால தோலோட ஒட்டப் பிடிச்சு இழுத்துச் சவர்க்காரத் தண்ணிக்குள்ள போடுங்கோ. குட்டிக்கு மட்டும் செய்து பிரயோசனம் இல்லை, வளவில நிக்கிற எல்லா நாய்க்கும் ஒரே நாளில செய்யவேணும். நாய் உண்ணி சுவரில ஏறி வெடிப்புக்குள்ளயும் கிடுகுக்குள்ளயும் ஒளிச்சிருந்து திரும்ப வரும். முரசு வெளிறி, சாப்பிடாமல், மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போனால் உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். அண்டைக்கே ரத்தம் சோதியுங்கோ.

குட்டி விளையாட்டில மகளின்ர கையைக் கீறிப்போட்டுது. குட்டிதானே, பயமில்லைத்தானே? (மாங்குளம்)

குட்டிக்கும் விசர் வரும். கீறின இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவி, இண்டைக்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. அரசாங்க ஆசுப்பத்திரியில ஊசி இலவசம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் ஒண்டும் வைக்காதேங்கோ. குட்டியைக் கொல்லவும் வேண்டாம், கலைக்கவும் வேண்டாம். கட்டி வைச்சு 14 நாள் பாருங்கோ. ஆனா பிள்ளையின்ர ஊசியை அந்த 14 நாளுக்குப் பிற்போடாதேங்கோ. இதை வாசிச்சுக்கொண்டிருக்காமல் எழும்புங்கோ.

ஒரே தாயின்ர ரெண்டு குட்டியைச் சேர்த்து எடுத்தால் துணையா இருக்குமே? (கிளிநொச்சி)

ஒண்டுக்கு ஒண்டு துணை, உங்களுக்கு இல்லை. சொல்லுக் கேக்காமல் விடலாம், பெரிய நாய்களோடயும் ஒட்டாமல் போகலாம். ஒண்டை எடுங்கோ.

பன்றிக் காவலுக்கு வயலுக்குக் கொண்டுபோக எத்தினை மாதம்? பெரிசு ரெண்டு ஏற்கெனவே போகுது. (நெடுங்கேணி)

அண்ணை, ஒரு வயசுக்கு முதல் இரவில விடாதேங்கோ. பகலில, ஊசி முடிஞ்ச பிறகு, கயிறில கட்டி வரம்பால நடத்துங்கோ. பெரிசுகளைப் பாத்தே தொழிலைப் பழகும். பெரிசுக்கு இருக்கிற கெட்ட பழக்கமும் சேர்ந்து வரும். கோழி பிடிக்கிற நாய்க்குப் பின்னால குட்டியை விட்டால் பிறகு ரெண்டு கள்ளர். கூப்பிட்டவுடன் திரும்பிற பழக்கம் முதல் வரட்டும். காட்டுக்கரையில சுருக்குக் கம்பியும், பன்றிக்குத் தீனுக்குள்ள வைக்கிற வெடியும் கிடக்கும். மணந்ததை எல்லாம் வாயில எடுக்கிற வயசு அது.

குட்டி வந்து நாலு நாள். எங்கட 11 வயசுக் கிழவன் சாப்பிடாமல் கடற்கரைப் பக்கம் போய்ப் படுக்கிறான். (முல்லைத்தீவு)

முதல் வருத்தமா எண்டு பாருங்கோ தங்கச்சி. வாயைத் திறந்து கடவாய்ப் பல்லைப் பாருங்கோ, முரசின்ர நிறத்தைப் பாருங்கோ. அந்த வயசில நாலு நாள் சாப்பிடாட்டி மனக்கவலை எண்டு விட ஏலாது, நாளைக்கே டொக்டரிட்டக் கொண்டுபோங்கோ.

டொக்டர் ஒண்டுமில்லை எண்டால், அவனிட்ட இருந்து என்ன போயிட்டுது எண்டு யோசியுங்கோ. விறாந்தையில அவன் படுத்த இடத்தில இப்ப குட்டியின்ர பெட்டி இருக்கோ? இருந்தால் இண்டைக்கே பெட்டியை மாத்தி அவன்ர சாக்கைத் திரும்பப் போடுங்கோ. காலமை அவனைத் தடவிப்போட்டுத்தானே படலையைத் திறக்கிறனீங்கள்? அதைத் திரும்பத் தொடங்குங்கோ, குட்டி கத்தினாலும் அவன் முதல். பின்னேரத்தில குட்டியை வீட்டில விட்டிட்டு, அவனோட மட்டும் கரையால கொஞ்சத் தூரம் நடவுங்கோ. சோத்துக்கு மேல சூடை மீன் அவிச்ச தண்ணியை இளஞ்சூடா ஊத்தி, உங்கட கையால ரெண்டு பிடி வைச்சுப் பாருங்கோ. டொக்டர் என்ன சொன்னவர் எண்டு கட்டாயம் எழுதுங்கோ, பாத்துக்கொண்டிருப்பன்.