அரியர் வைத்த பாடம் எங்கெல்லாம் திரும்பி வரும்?

ஐ.டி. பட்டப்படிப்பைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 6 வருடம் ப்ரோக்ராமராக வேலை பார்த்துவிட்டு, 22 வருடமாக இந்தப் பாடங்களை நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பள்ளி இறுதி ஆண்டு படிக்கிறேன், மேடம். ஐ.டி.யில் சேர ஆசை. கணக்கில் சுமாரான மார்க்தான் வருகிறது. சேரலாமா? ஐ.டி.யும் கம்ப்யூட்டர் சயின்ஸும் ஒன்றுதானா?

பதில்: தாராளமாகச் சேரலாம்மா. என்ன மாதிரி கணக்கு வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு சேருங்கள், அவ்வளவுதான்.

ஐ.டி. தனித் துறைதான். ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் சொசைட்டி என்ற இரண்டு சர்வதேச அமைப்புகள் கல்லூரிகளுக்கு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிடுகின்றன. ஐ.டி.க்கென்றே தனியாக 2008-லும் 2017-லும் வெளியிட்டிருக்கின்றன. நெட்வொர்க், சர்வர், டேட்டாபேஸ், பாதுகாப்பு, இவற்றைப் பயன்படுத்தும் மனிதர்கள் எல்லாரையும் ஒன்றாகப் பொருத்தி ஓடவைப்பதுதான் ஐ.டி. படித்தவரின் வேலை. கம்ப்யூட்டர் சயின்ஸில் கோட்பாடும் கணக்கும் இன்னும் ஆழமாகப் போகும். ஆனால் பெயர் வேறாக இருந்தும் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் கல்லூரிகளும் உண்டு. அதனால் பெயரைப் பார்க்காதீர்கள்; செமஸ்டர் வாரியான பாடப்பட்டியலை வாங்கி, வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

இனி கணக்கு. உங்களுக்கு அதிகம் வரப்போவது டிஸ்க்ரீட் கணிதமும் (தர்க்கம், கணங்கள் மாதிரியான கணக்கு) புள்ளியியலும். பள்ளியில் பார்த்த கணக்கிலிருந்து டிஸ்க்ரீட் ரொம்பவே மாறுபட்டது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு படிவத்தை ஏற்பதற்கு வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், கையெழுத்தும் இருக்க வேண்டும். அப்படியானால் எப்போது நிராகரிப்பது? வகுப்பில் கேட்டால் பல பேர், "வயதும் நிரம்பவில்லை, கையெழுத்தும் இல்லை என்றால்" என்று எழுதுவார்கள். அப்படி எழுதிய ப்ரோக்ராம், கையெழுத்தே போடாத 40 வயதுக்காரரின் படிவத்தை ஏற்றுக்கொண்டுவிடும். இரண்டில் ஒன்று குறைந்தாலே நிராகரிக்க வேண்டும். இதைத்தான் டி மார்கன் விதி என்று படிப்பீர்கள். இந்த உதாரணம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம், 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை இப்போதே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். நெட்வொர்க் வகுப்பில் கைகொடுக்கும்.

கேள்வி: மொத்த கிரெடிட் சேர்ந்துவிட்டால் பட்டம் கிடைத்துவிடும் என்கிறான் நண்பன். சரியா? நான் முதலாண்டு மாணவன்.

பதில்: சரியில்லை, தம்பி. கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவைப் பொறுத்துத் தரும் புள்ளி. பட்டத்துக்கு எத்தனை வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய முறையில் வருடத்துக்கு 60 கிரெடிட். 3 வருடப் பட்டத்துக்கு 180. அமெரிக்க முறையில் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட். எந்த முறையானாலும் அந்த மொத்தத்துக்குள்ளே பிரிவுகள் உண்டு: கட்டாயப் பாடம், கணிதம், எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் பாடம்), பொதுப் பாடம், லேப், ப்ராஜெக்ட். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச அளவு இருக்கும். என் மாணவர் ஒருவர் ஆர்வத்தில் எலெக்டிவ் பாடங்களாகவே எடுத்துத் தள்ளினார். கடைசி செமஸ்டரில் மொத்தம் தேவைக்கு மேலேயே இருந்தது. பொதுப் பாடத்தில் மட்டும் 3 கிரெடிட் குறைவு. அந்த 3-க்காக இன்னொரு செமஸ்டர் காத்திருந்தார். நீங்கள் சேர்ந்த வருடத்தின் விதிமுறைப் புத்தகம்தான் உங்களுக்குப் பொருந்தும். அதைப் பார்த்து ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு செமஸ்டரும் நிரப்பி வாருங்கள்.

கேள்வி: இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் அரியர். அதை முடிக்காமல் அல்காரிதம் பாடத்துக்குப் பதிவு செய்ய முடியாது என்கிறார்கள். கூடப் படிப்பவர்கள் முன்னே போய்விட்டார்கள். நான் வெப்சைட் நன்றாகச் செய்வேன். வேலையில் லிங்க்டு லிஸ்ட்டை யார் கேட்கப்போகிறார்கள்? விதிவிலக்கு கேட்டு எழுதிக்கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. நண்பர்கள் ஒரு வகுப்பிலும் நாம் ஒரு வகுப்பிலும் உட்காருவது கஷ்டம்தான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு உங்களைத் தண்டிக்க வைத்ததில்லை.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அதாவது ப்ரோக்ராமுக்குள்ளே தகவல்களை அடுக்கிவைக்கும் முறைகள், ஒரு செமஸ்டரோடு முடிகிற பாடம் இல்லை. டேட்டாபேஸ் வகுப்பில், தகவலைச் சீக்கிரம் தேடியெடுக்க உதவும் இண்டெக்ஸ் என்று வரும். அதற்குள்ளே இருப்பது பெரும்பாலும் பி-ட்ரீ என்ற மர அமைப்பு. ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எந்த ப்ராசஸுக்கு அடுத்து சி.பி.யு. கிடைக்கும் என்று படிப்பீர்கள். அங்கே வரிசை, அதாவது க்யூ. நெட்வொர்க்கில் ஓ.எஸ்.பி.எஃப். என்ற முறையில் ரவுட்டர்கள் வழி கண்டுபிடிப்பது டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் 1959-ல் வெளியிட்ட அல்காரிதத்தால்; அது கிராஃப், அதாவது புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த அமைப்பின் மேல் நடக்கிற கணக்கு. மூன்று ஆசிரியர்கள் மூன்று அறையில் நடத்தும்போது, உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்று நம்பித்தான் ஆரம்பிப்பார்கள். விதிவிலக்கு வாங்கிக்கொண்டு போனால் ஒரு அரியர் மூன்றாகும். இதை நான் பல பேரிடம் பார்த்துவிட்டேன்.

வேலையில் யார் கேட்பார்கள் என்றீர்களே. என் லேபில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கும் பெயர்களை எடுக்க பைத்தானில் ப்ரோக்ராம் எழுதினாள். ஆயிரம் பெயருக்கு உடனே விடை வந்தது. பிறகு இரண்டு பட்டியலிலும் 1 லட்சம் பெயர் கொடுத்தேன். திரை அப்படியே நின்றது. லேப் நேரம் முடிகிற வரை விடை வரவில்லை. முதல் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டாவது பட்டியலைத் தலையிலிருந்து தேடியிருக்கிறாள். 1 லட்சத்தை 1 லட்சத்தால் பெருக்கினால் 1000 கோடி. பொதுவான பெயர்கள் குறைவு என்பதால் ஏறக்குறைய அத்தனை ஒப்பீடுகளும் தேவைப்பட்டன. மறுநாள் அவளே ஒரே ஒரு வரியை மாற்றினாள்: இரண்டாவது பட்டியலை செட்டாக மாற்றிவிட்டுத் தேடினாள். கை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. செட்டுக்குள்ளே இருப்பது ஹேஷ் டேபிள். பெயரைக் கொடுத்தால் அது இருக்க வேண்டிய இடத்துக்கே நேராகப் போய்விடும். ஹேஷ் டேபிள், நீங்கள் அரியர் வைத்த பாடத்தின் ஒரு அத்தியாயம். உங்கள் வெப்சைட்டிலும் பயனர்கள் கூடும்போது இதே பிரச்சினை வந்து நிற்கும்.

சரி, எப்படி முடிப்பது? கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தாளும் பென்சிலும் எடுங்கள். மூன்று பெட்டி வரைந்து அம்புக்குறியால் இணையுங்கள். நீங்கள் கேட்ட லிங்க்டு லிஸ்ட் இதுதான். முதல் இரண்டுக்கும் நடுவில் ஒரு புதுப் பெட்டியை நுழைக்க வேண்டும். முதல் பெட்டியின் அம்பை அழித்துப் புதுப் பெட்டிக்குத் திருப்பினீர்கள் என்றால், மீதி இரண்டு பெட்டிக்கும் போக வழியே இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. முதலில் புதுப் பெட்டியின் அம்பை இரண்டாவது பெட்டிக்குப் போட வேண்டும். அப்புறம்தான் பழைய அம்பைத் திருப்ப வேண்டும். இந்த வரிசையை விடைத்தாளில் மாற்றி எழுதி மார்க்கை இழக்கிறவர்கள் நிறைய. பத்து முறை கையால் வரைந்தவர்கள் மாற்றி எழுதி நான் பார்த்ததில்லை. லிஸ்ட், ஸ்டாக், க்யூ, ட்ரீ, ஹேஷ் டேபிள் என்று ஒவ்வொன்றையும் இப்படி வரைந்துவிட்டு, பார்க்காமல் டைப் செய்யுங்கள். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு செமஸ்டருக்குள் முடித்துவிடலாம். பழைய கேள்வித்தாள்களைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முன்பே எடுக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் ஐ.டி. முதலாண்டு. ஏ.ஐ.யிடம் கேட்டால் அதுவே ப்ரோக்ராம் எழுதித் தருகிறது, எதற்கு இவ்வளவு பாடம் என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: அது ப்ரோக்ராம் எழுதுகிறது என்பது உண்மைதான், ஐயா. பல நேரம் நன்றாகவே எழுதுகிறது. ஆனால் சரியாக எழுதியிருக்கிறதா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கத்தான் இந்தப் பாடங்கள்.

நான் படித்தபோது டேட்டாபேஸ் பாடத்தில் நார்மலைசேஷனை, அதாவது டேபிள்களைச் சரியாகப் பிரித்து அமைக்கும் விதிகளை, மனப்பாடம் செய்து பாஸ் செய்தேன். தகவல்களை டேபிள்களாக வைக்கும், கணினி அறிஞர் எட்கர் காட் 1970-ல் கொண்டுவந்த ரிலேஷனல் மாடல், அப்புறம் நார்மலைசேஷனின் முதல் வடிவம், இரண்டாம் வடிவம், மூன்றாம் வடிவம் எல்லாம் வரி மாறாமல் எழுதுவேன். ஏன் என்று மட்டும் தெரியாது. பிறகு நான் வேலைக்குப் போன இடத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் முகவரியும் மூன்று டேபிள்களில் இருந்தது. ஒருவர் வீடு மாறியதாகச் சொன்னார். இரண்டு டேபிள்களில் திருத்தினேன். மூன்றாவது இருப்பதே எனக்குத் தெரியாது. கடிதங்கள் அந்த மூன்றாவதிலிருந்துதான் போயின. முக்கியமான ஒரு கடிதம் பழைய வீட்டுக்குப் போய், கடைசித் தேதி தாண்டிய பிறகு அவர் கைக்குக் கிடைத்தது. அவர் தொலைபேசியில் என்னிடம் கோபப்படவில்லை. "நான்தான் சொன்னேனேம்மா" என்றார். ஒரு தகவல் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இன்றைக்கு ஏ.ஐ.யிடம் டேபிள் கேட்டாலும் அப்படி முகவரியை மூன்று இடத்தில் வைத்துத் தரக்கூடும். ப்ரோக்ராம் ஓடும், பிழைச்செய்தி எதுவும் வராது. பார்த்தவுடன் "இது தப்பு" என்று சொல்லும் கண் உங்கள் மகனுக்கு வேண்டும். அவனை ஏ.ஐ. பக்கமே போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வருடம் மட்டுமாவது முதலில் அவனே எழுதட்டும். முடித்த பிறகு ஏ.ஐ. எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

நீங்கள் ஒன்று செய்யலாம். இந்த வாரம் அவன் லேபில் கொடுத்த ப்ரோக்ராம் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ப்ரோக்ராமிங் தெரிய வேண்டியதில்லை. எந்த வரியில் அவன் தயங்கி நிற்கிறானோ, அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அவனிடமே கொடுத்துவிடுங்கள்.