எரு வடிநீர் அம்மோனியா: ஒரு மூட்டை ஜியோலைட் எவ்வளவு பிடிக்கும்?

கேள்வி: நாமக்கல் பக்கம் முட்டைக்கோழி எருவைத் தென்னை நார்க்கழிவுடன் மக்க வைக்கிறேன். தினமும் 200 லிட்டர் வடிநீர் 1,000 லிட்டர் தொட்டியில் சேர்கிறது. பி.எச். 8.6, அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 800 மி.கி. இறால் பண்ணையில் போடும் ஜியோலைட் (அம்மோனியாவைப் பிடிக்கும் கனிமம்) 25 கிலோ கொட்டியும் நாற்றம் போகவில்லை. சுண்ணாம்பு போடலாமா?

பதில்: சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். பி.எச். (காரத்தன்மை அளவு) ஏறினால் நீரில் கரைந்துள்ள அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் கிளம்பும். நாற்றம் கூடத்தான் செய்யும்.

நிறைந்த தொட்டியில் இருப்பது 800 கிராம் நைட்ரஜன். எரு நீரில் பொட்டாசியம் அதிகம். ஜியோலைட் அதைத்தான் முதலில் பிடிக்கும். ஆகவே கிலோ ஜியோலைட்டுக்கு 4 கிராம் நைட்ரஜன் என்றே கணக்கு வையுங்கள். 25 கிலோ பிடித்தது 100 கிராம். அதுவும் அடியில் படிந்து கிடந்தால் இன்னும் குறைவு.

இந்த நீரை அப்படியே சுத்தம் செய்ய தினம் 40 கிலோ வேண்டும், கட்டுப்படியாகாது. முதலில் வடிவதைக் குறையுங்கள். குவியலுக்குக் கூரை போடுங்கள், நார்க்கழிவை இன்னும் அதிகம் சேருங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. வந்த வடிநீரைப் புதுக் குவியலை நனைக்கவே பயன்படுத்துங்கள். முதிர்ந்த உரத்தில் ஊற்றினால் கிருமி திரும்ப ஏறும்.

மிஞ்சுவதற்குத்தான் ஜியோலைட். தூள் அடைத்துக்கொள்ளும், 1–3 மி.மீ. குருணை வாங்குங்கள். வாங்குமுன் ஒரு பிடியை டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் சேறாகக் கரைந்திருந்தால் அது களிமண் சேர்த்து உருட்டியது. பெண்டோனைட் களிமண்ணும் இதற்கு ஆகாது, உப்பி வழியை அடைக்கும்.

200 லிட்டர் டிரம்மில் அடியில் 10 செ.மீ. ஜல்லி, மேலே நைலான் வலை, அதன்மேல் 100 கிலோ குருணை. வடிநீரை ஒரு நாள் தெளியவிட்டு, மணல் வடிகட்டி வழியாக, மணிக்கு 20 லிட்டருக்கு மிகாமல் விடுங்கள். கசடு உள்ளே போனால் குருணைமேல் வழவழப்பாகப் படிந்து வேலை நின்றுவிடும்.

வடிநீர் தினம் 50 லிட்டராகக் குறைந்து, 40 கிராம் நைட்ரஜன் வந்தால் 100 கிலோ குருணை 10 நாள் தாங்கும். வெளிவரும் நீரை மீன் பண்ணை அம்மோனியா கிட்டில் பாருங்கள். கிட் சில மி.கி. வரைதான் காட்டும் என்பதால் காய்ச்சி வடித்த நீரில் 100 மடங்கு நீர்க்க வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஓடையில் விடுவதானால் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மி.கி. வரம்பு; அதைத் தொடுமுன் குருணையை மாற்றிவிடுங்கள்.

உப்புக் கரைசலில் கழுவிப் புதுப்பிக்கலாம் என்பார்கள். பண்ணையில் அது வேண்டாம், அந்த உப்புநீரை எங்கே ஊற்றுவது? பழைய குருணையை மக்கிய உரத்தோடு கலந்து வயலுக்கே போடுங்கள், நைட்ரஜனை மெல்ல விடும். சாம்பலோடு மட்டும் கலக்காதீர்கள், சுண்ணாம்பைப் போல அதுவும் பி.எச். ஏற்றும்.